பயிற்சி டாக்டர்களுக்குக் கண் பார்க்கச் சொல்லிக்கொடுப்பது எப்படி: ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து

சாயல்குடியிலோ தொண்டியிலோ ஒருவருக்குக் கண் சிவந்தால் முதலில் மருந்துக்கடைக்குப் போவார். இரண்டு மூன்று நாள் சொட்டு மருந்து விட்டும் அடங்கவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவார். அங்கேயும் ஒரு சொட்டு மருந்து கிடைக்கும். கடைசியில் கண் டாக்டரிடம் போய்ச் சேரும்போது கருவிழியில் பூ விழுந்திருக்கும். நடுவில் அவரைப் பார்த்த டாக்டர் அக்கறை இல்லாதவர் கிடையாது. கண்ணைப் பார்க்க அவருக்கு யாரும் உட்கார்த்திச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் கண் மருத்துவ உதவியாளர். இந்தக் கடற்கரை ஊர்களில் முகாம், பள்ளிக்கூடப் பரிசோதனை, ஆரம்ப சுகாதார நிலையத்தின் (பி.எச்.சி.) புறநோயாளிப் பிரிவு (ஓ.பி.) என்று வேலை பார்த்தவள். ஹவுஸ் சர்ஜன்கள், குடும்ப மருத்துவத்தில் டி.என்.பி. என்ற மேற்படிப்பு படிக்கிறவர்கள், 3 மாத மாவட்டப் பயிற்சிக்கு வரும் மற்ற மேற்படிப்பு டாக்டர்கள் எல்லாரும் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பழகியிருக்கிறார்கள். ராமநாதபுரத்தில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு இந்தப் பக்கம் இளம் டாக்டர்களை அதிகம் பார்க்க முடிகிறது. அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முறையை, இதே வேலையில் இருக்கும் உதவியாளர்களுக்கும் பயிற்சிப் பொறுப்பில் இருக்கும் மருத்துவ அலுவலர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் வேலை, அவர்களை ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே கூட்டிக்கொண்டு வருவது. ஹவுஸ் சர்ஜனுக்குக் கண் பிரிவில் கிடைப்பது 2 வாரம். அதில் பெரும்பகுதி, புரை ஆபரேஷனை யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதிலேயே போய்விடுகிறது. குடும்ப மருத்துவர் ஆகப்போகிறவர் வாழ்நாளில் ஒரு புரைகூட எடுக்கப்போவதில்லை. தியேட்டருக்கு அரை நாள் போதும். "ஆபரேஷன்ல என்ன செய்வாங்க டாக்டர், வலிக்குமா?" என்று நோயாளி கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும், அதற்காக. மீதி நாள் முழுக்க ஓ.பி.யில், நோயாளி வந்து உட்காரும் முதல் நாற்காலிக்கு எதிரில்தான் அவர்கள் இருக்க வேண்டும்.

அங்கே முதலில் கற்க வேண்டியது பார்வையை அளப்பது. இதற்கு மட்டும் நான் முழுதாக இரண்டு மூன்று நாள் ஒதுக்குவேன். எளிதான வேலை போலத் தெரிவதால் யாரும் கவனமாகச் செய்வதில்லை. 6 மீட்டரை டேப் வைத்து அளந்து தரையில் பெயின்ட் கோடு போடச் சொல்லுங்கள். அறை சின்னது என்றால் 3 மீட்டரில் கண்ணாடி மாட்டி, எழுத்துகளைத் திருப்பிப் போட்ட அட்டையைக் கண்ணாடியில் பார்த்து வாசிக்கச் செய்யலாம். எழுதப்படிக்கத் தெரியாதவருக்கு ஆங்கில E எழுத்தைப் பல பக்கம் திருப்பிப் போட்ட 'ஈ' அட்டை. அந்த E-யின் மூன்று கைகளும் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று காட்டினால் போதும். முதலில் வலது கண், அப்புறம் இடது. மூடும் கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூட வேண்டும். விரலால் மூடினால் இடுக்கு வழியாக எட்டிப் பார்ப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் இதில் கெட்டிக்காரர்கள், முந்தைய பிள்ளை சொன்னதை மனப்பாடம் செய்துகொண்டும் வருவார்கள்.

மேல் எழுத்தே தெரியவில்லை என்றால் 'பார்வை இல்லை' என்று எழுதிவிட்டுப் போகக் கூடாது. ஒரு மீட்டர் முன்னால் நடக்கவிட்டு 5/60, 4/60 என்று அளக்க வேண்டும் (60 மீட்டரில் தெரிய வேண்டிய எழுத்து 5 மீட்டரில்தான் தெரிகிறது என்றால் 5/60). 3/60 என்பது முக்கியமான எல்லை. நல்ல கண்ணின் பார்வை அதற்கும் கீழே போனால் பார்வையின்மை என்று தேசியத் திட்டத்தில் 2017இல் வரையறையை மாற்றினார்கள். அதற்கு முன்பு 6/60 ஆக இருந்தது. ஒரு மீட்டரிலும் எழுத்து தெரியாவிட்டால் விரல் எண்ணுதல், அதுவும் இல்லாவிட்டால் கை அசைவு, அதுவும் இல்லாவிட்டால் டார்ச் வெளிச்சம். வெளிச்சம் தெரிகிறது என்றால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நான்கு பக்கமும் கேட்க வேண்டும். முற்றிய புரைக்குப் பின்னால் விழித்திரையும் நரம்பும் உயிரோடு இருக்கிறதா என்று அந்தப் பதிலில்தான் ஓரளவு தெரியும்.

அப்புறம் பின்ஹோல். அட்டையில் ஊசித் துளை போட்டாலே போதும். 6/36 பார்த்தவர் துளை வழியாக 6/9 வாசித்தால் அவருக்கு வேண்டியது பெரும்பாலும் கண்ணாடி. துளை வழியாகவும் மாற்றம் இல்லை என்றால் கண்ணுக்குள் ஏதோ இருக்கிறது, அனுப்ப வேண்டும். இவ்வளவு விலை குறைந்த, இவ்வளவு பதில் சொல்லும் கருவி வேறு எதுவும் நான் பார்த்ததில்லை.

கண்ணில் என்ன குறை என்று வந்தாலும், அடிபட்டு வந்தாலும், மருந்து விடுவதற்கு முன் இரண்டு கண்ணின் பார்வையும் சீட்டில் இருக்க வேண்டும். இதற்கு ஒரே விதிவிலக்கு சுண்ணாம்பும் ஆசிடும். அங்கே முதலில் தண்ணீர்.

பார்வை அளக்கக் கை பழகிய பிறகு டார்ச் வெளிச்சத்தில் கண்ணை வெளியிலிருந்து உள்ளே வரிசையாகப் பார்க்கச் சொல்லுவேன். இமை, வெள்ளைவிழி, கருவிழி, அதன் நடுவில் கறுப்பு வட்டமாகத் தெரியும் பாப்பா. பாப்பா இரண்டும் ஒரே அளவா, வெளிச்சம் பட்டால் சுருங்குகிறதா, டார்ச்சை ஒரு கண்ணிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது எதுவும் விரிகிறதா. விரிந்தால் அந்தப் பக்கம் நரம்பிலோ விழித்திரையிலோ கோளாறு. மேல் இமையைத் திருப்பிப் பார்ப்பதும் கட்டாயம். இதைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது. முதலில் என் இமையைத் திருப்பிப் பழகச் சொல்லுவேன், அப்புறம் ஒருவர் மற்றவருக்கு. உறுத்துகிறது என்று வருகிறவரின் தூசி பெரும்பாலும் அந்த மடிப்புக்குள்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். பஞ்சுக் குச்சியால் ஒரு துடைப்பு, போதும்.

நோயைப் பெயர் சொல்லிக் கண்டுபிடிப்பதில் நான் பயிற்சி டாக்டர்களை வாட்டுவதில்லை. நான் கேட்பது ஒன்றே: இவரை இங்கேயே வைத்துப் பார்க்கலாமா, இந்த வாரத்துக்குள் அனுப்பணுமா, இப்போதே வண்டி ஏற்றணுமா? காலை ஓ.பி. முழுக்க ஒவ்வொரு நோயாளிக்கும் இதைக் கேட்டுக்கொண்டே இருங்கள். காரணம் சொல்லச் சொல்லுங்கள். தவறினால் நோயாளி முன்னால் திருத்த வேண்டாம், ஓ.பி. முடிந்ததும் சீட்டை எடுத்து வைத்துப் பேசுங்கள்.

சிவந்த கண்ணை எடுத்துக்கொள்வோம். பீளை தள்ளி, இரண்டு கண்ணும் சிவந்து, பார்வை குறையாமல், வெளிச்சம் கூசாமல் இருந்தால் மெட்ராஸ் ஐ போன்றது, இங்கேயே வைத்துக்கொள்ளலாம். கை கழுவுதல், தனித் துண்டு, ஈரத்துணி ஒத்தடம். பெரும்பாலானவர்களுக்குத் தானே ஆறும். ஆனால் வலி, பார்வைக் குறைவு, வெளிச்சத்தில் கூச்சம், கருவிழியைச் சுற்றி வளையமாகச் சிவப்பு, பாப்பாவின் வடிவம் மாறியிருப்பது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அனுப்ப வேண்டும். தலைவலி, வாந்தி என்று வந்து, விளக்கைச் சுற்றி வானவில் தெரிகிறது என்று ஒரு வயதான அம்மா சொன்னால் இரைப்பைக் கோளாறு என்று ஊசி போட்டு அனுப்பிவிடாதீர்கள். மூடிய இமைமேல் இரண்டு ஆள்காட்டி விரலை வைத்து மெதுவாக அமுக்கிப் பாருங்கள். ஒரு கண் கல்லாக இருந்தால் அது திடீரென ஏறிய கண் அழுத்தம். சல்ஃபா ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ இல்லையென்று கேட்டுவிட்டு அசிட்டசோலமைடு 500 மி.கி. கொடுத்து உடனே வண்டி ஏற்றுங்கள். சில மணி நேரத்தில் நரம்பு போய்விடும்.

இந்தக் கடற்கரைக்கென்று உள்ள காயங்களுக்குத் தனியாக நேரம் வேண்டும், ஏனென்றால் வேறு ஊரில் படித்து வந்த டாக்டருக்கு இவை புதிது. சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு முள் கீறும். பனை ஏறுகிறவருக்கு மட்டையின் கருக்கோ ஓலை நுனியோ படும். செடி, முள், ஓலை பட்ட கருவிழியில் காளான் கிருமி பிடிப்பது நம் பக்கம் மிகவும் சாதாரணம். மதுரை மாவட்டத்தில் எடுத்த ஒரு கணக்கு 1996இல் வெளியானது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் என்றது அது. காளான் புண்ணில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து விட்டால் சிவப்பு குறையும், நோயாளிக்குச் சுகமாகவும் இருக்கும், உள்ளே புண் பரவும். மருந்துக்கடையில் கொடுக்கும் பல சொட்டு மருந்துகளில் ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கிறது. அதனால் நோயாளி கொண்டுவரும் குப்பியை வாங்கி, பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை டாக்டரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுவேன். 'டெக்ஸா', 'பெட்டா', 'பிரெட்னி' என்று ஆரம்பிக்கிறதா என்று பார்க்கப் பழகிவிட்டால் பாதி ஆபத்து தடுக்கப்படும்.

கீறலைக் காட்டும் சாயம் தோய்த்த ஃப்ளோரசின் தாள் ஒரு பெட்டி எப்போதும் மேசையில் இருக்கட்டும். நுனியில் ஒரு சொட்டு சலைன் விட்டு, கீழ் இமைக்குள் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தால் கீறல் பச்சையாக மின்னும். கீறல் மட்டும் இருந்து, வெள்ளைப் படிவு இல்லை என்றால் ஆன்டிபயாடிக் களிம்பு போட்டு மறுநாள் கட்டாயம் வரச் சொல்லலாம். முள் பட்ட கண்ணைக் கட்டுப்போட்டு மூட வேண்டாம். வெள்ளைப் படிவு இருந்தால் அன்றைக்கே அனுப்பி, சுரண்டிப் பார்த்துக் கிருமியைக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். காளானுக்கு நாட்டமைசின் 5 சதவீதச் சொட்டு மருந்துதான் இன்றும் முதல் தேர்வு. அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில் விலை கூடிய வோரிகோனசோலைவிட அதுதான் நன்றாக வேலை செய்தது. கண்ணை மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்தை மட்டும் யார் கெஞ்சினாலும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. வலி தெரியாது, கருவிழியும் ஆறாது.

பதநீர் இறக்குகிறவர்கள் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசுவார்கள். அது தெறிக்கும். சின்னப் பிள்ளைகள் வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிதுக்கிக் கண்ணில் அடித்துக்கொள்வதும் உண்டு. சுண்ணாம்பு போன்ற காரப் பொருள் (அல்கலி) ஆசிடைவிட ஆழமாக இறங்கும். இதைப் பேசிக் காட்டினால் போதாது, செய்து பழக்க வேண்டும். ரிங்கர் லாக்டேட் அல்லது சலைன் பாட்டிலில் குழாய் மாட்டி, மரக்கச் செய்யும் சொட்டு ஒன்று விட்டு, இமையைத் திருப்பி, ஒட்டியிருக்கும் துணுக்குகளைப் பஞ்சுக் குச்சியால் எடுத்து, குறைந்தது அரை மணி நேரம் கழுவ வேண்டும். காரமா அமிலமா என்று காட்டும் பி.எச். தாளைக் கண்ணில் வைத்து 7 பக்கம் வந்துவிட்டதா என்று பார்த்து, சில நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சலைன் இல்லை என்றால் குழாய்த் தண்ணீரே போதும், காத்திருக்கக் கூடாது. ஒரு டாக்டர் மேசையில் படுக்க, இன்னொருவர் கழுவ, பயிற்சியில் ஒருமுறையாவது இதை நடத்துங்கள். அரை மணி என்பது எவ்வளவு நேரம் என்று அப்போதுதான் உடம்புக்குத் தெரியும். எங்கேயும் ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள்.

தூண்டில் முள் குத்தினாலோ, வலையை இழுக்கும்போது ஈயக் குண்டு தெறித்து அடித்தாலோ கண் கிழிந்திருக்கலாம் என்று எடுத்துக்கொண்டுதான் தொட வேண்டும். முள்ளைப் பிடுங்கக் கூடாது. அழுத்தக் கூடாது, களிம்பு போடக் கூடாது. கண்ணைச் சுற்றியுள்ள எலும்பின்மேல் நிற்கும்படி ஒரு பிளாஸ்டிக் கப்பைக் கவிழ்த்து டேப் ஒட்டி, சாப்பிட எதுவும் கொடுக்காமல், வாந்திக்கும் டெட்டனஸுக்கும் ஊசி போட்டு 108இல் அனுப்ப வேண்டும். பாம்பனிலிருந்து ராமநாதபுரம் போய், அங்கிருந்து மதுரைக்கு இன்னும் 110 கிலோமீட்டர் அளவு போக வேண்டியிருக்கலாம். அவ்வளவு தூரம் அந்த வண்டி குலுங்கும் என்பதை நினைத்துத்தான் கட்டு கட்ட வேண்டும்.

முண்டு மிளகாய் காயப்போடும் மாதங்களில் மிளகாய்க் காரம் பட்ட கண்கள் வரும். கழுவினால் சரியாகிவிடும், பயமுறுத்த வேண்டாம். கடலிலும் உப்பளத்திலும் வெயில் குடித்தவர்களுக்குக் கண் ஓரத்தில் சதை வளர்வதும் அப்படித்தான். பாப்பாவை நெருங்கினாலோ பார்வையை மறைத்தாலோ அனுப்பினால் போதும், மற்றபடி தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் சொல்லி அனுப்பலாம்.

தாய்ப்பால் விட்டோம், விளக்கெண்ணெய் விட்டோம், நாக்கால் தூசி எடுத்தோம் என்று வருகிறவர்களைத் திட்டினால் அடுத்த முறை மறைத்துவிடுவார்கள். "வேற என்ன விட்டீங்க?" என்று சாதாரணமாகக் கேட்கப் பழக்குங்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் பெண்களைப் பார்க்கும்போது பெண் டாக்டர் இருந்தால் அவரை முன்னால் உட்காரவையுங்கள். இல்லாவிட்டால் கூட வந்த லாத்தாவை (அக்காவை) உள்ளே இருக்கச் சொல்லுங்கள். இருட்டறையில் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் போகிறோம், அனுமதி கேட்காமல் டார்ச்சைத் தூக்கக் கூடாது.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்க வருகிறவர்களிடம்தான் குடும்ப மருத்துவரால் அதிகம் சாதிக்க முடியும். 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு வீட்டுக்கே மாத்திரை போகிறது, நல்ல விஷயம். ஆனால் மாத்திரை வந்துவிடுவதால் கண் பரிசோதனை விட்டுப்போகக் கூடாது. இரண்டாம் வகைச் சர்க்கரை என்றால் கண்டுபிடித்த அன்றே விழித்திரையைப் பார்க்க வேண்டும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. நன்றாகத்தானே தெரிகிறது என்பார்கள். தெரியாமல் போகும்போது காலம் கடந்திருக்கும். டாக்டர் ஆஃப்தல்மாஸ்கோப்பில் (கண்ணுக்குள் பார்க்கும் கருவியில்) ஒவ்வொரு ரத்தக்கசிவையும் கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை, அது நியாயமும் இல்லை. கேமராவில் படம் எடுத்து அனுப்பும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தட்டும். ஆனால் கண் நரம்பு விழித்திரையில் சேரும் நரம்புத் தட்டு எது, அதன் குழி எவ்வளவு என்று பார்க்கவும், வெளிச்சம் அடித்தால் பாப்பாவிலிருந்து திரும்பி வரும் சிவப்பு ஒளி வருகிறதா என்று பார்க்கவும் கட்டாயம் தெரிய வேண்டும். காசநோய்க்கு, கண் நரம்பைப் பாதிக்கக்கூடிய எத்தம்பியூட்டால் மாத்திரை ஆரம்பிக்கும் முன் பார்வையும் நிறம் பிரிப்பதும் அளந்து எழுதி வைக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அது கண் பிரிவின் வேலை என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

சிவப்பு ஒளியைப் பிறந்த குழந்தைகளிடம் பழகுவது நல்லது. தடுப்பூசி நாளில், அறை விளக்கை அணைத்து, ஒரு கை தூரத்திலிருந்து பார்க்கட்டும். ஒரு கண்ணில் வெள்ளையாகத் தெரிந்தால் புரையாகவும் இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம், அந்த வாரமே அனுப்ப வேண்டும். 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு 2, 3 வாரத்திலேயே. டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் தேதி எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது பி.எச்.சி. டாக்டரின் கையில்தான் இருக்கிறது.

வெள்ளெழுத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எனக்கு இதில் மிகுந்த ஆதங்கம் உண்டு. 40 தாண்டியவருக்கு வலைக்கண்ணி தெரியாவிட்டால் வேலை போகிறது. அசாம் தேயிலைத் தோட்டத்தில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த, 2018இல் வெளியான ஆய்வில் பக்கத்தில் இருப்பதைப் பார்க்க உதவும் கண்ணாடி கொடுத்ததும் பறிக்கும் இலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடியது. தங்கச்சிமடத்தில் வலை பின்னுகிற அம்மாவுக்கும் அதே கணக்குதான். 40 வயதுக்கு +1, 50 வயதுக்கு +2 என்ற கண்ணாடி பவரில் ஆரம்பித்து, அவர் வேலை செய்யும் தூரத்தில் அவருடைய வலையையே கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லி முடிவு செய்ய டாக்டருக்குத் தெரிந்தால் போதும். தூரப்பார்வையும் குறைந்திருந்தால் மட்டும் என்னிடம் அனுப்பட்டும்.

புரைக்கு வேண்டியது பேச்சு. "முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்று ஊரே சொல்லும். முத்தவிட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை திரும்பாமலே போகலாம் என்பதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர் சில நாளில் வலி, சிவப்பு, மங்கல் என்று வந்தால் அன்றைக்கே, அந்த மணி நேரமே திருப்பி அனுப்ப வேண்டும். இதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

பயிற்சியை எப்போது வைப்பது? முடிந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தில். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். மற்ற மாதங்களில் ஓ.பி.க்குப் பெரும்பாலும் பெண்களும் வயதானவர்களும்தான் வருவார்கள். தடைக்காலத்தில் பூசைக்குப் பிறகு கோயிலிலோ, ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலிலோ சொல்லச் சொல்லிவிட்டு, படகு கட்டும் இடத்துக்கே அட்டையோடு போய்விடலாம். 6 மீட்டர் கோட்டை மணலில் கயிறு போட்டுக் காட்டலாம். அந்த ஒரு காலையில் டாக்டர் பார்க்கும் கண்கள், ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் உட்கார்ந்தாலும் வராது.

தேர்வு என்று ஒன்று வைப்பதானால் எழுத்துத் தேர்வு வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அளந்தாரா, பின்ஹோல் வைத்தாரா, இமையைத் திருப்பினாரா, மருந்துக் குப்பியை வாசித்தாரா. அனுப்பிய ஒவ்வொருவருக்கும் ஒரு வாரம் கழித்து அவரே போன் பண்ணி, போய்ச் சேர்ந்தாரா, அங்கே என்ன சொன்னார்கள் என்று கேட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். போகவில்லை என்றால் ஏன் என்றும் எழுத வேண்டும். பஸ் காசா, கூட வர ஆள் இல்லையா, பயமா. அடுத்த முறை அனுப்பும்போது அதற்கு முன்கூட்டியே வழிசெய்யத் தெரிந்தால் அந்த டாக்டர் தேறிவிட்டார்.

பயிற்சி முடிந்து போகிறவர்களிடம் என் எண்ணைக் கொடுத்துவிடுவேன். முதுகுளத்தூர், கமுதி, வேறு மாவட்டம் என்று எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் சந்தேகம் வந்தால் கண்ணை மட்டும் படம் எடுத்து அனுப்பலாம், பெயரும் முகமும் வேண்டாம். இரண்டு கண்ணின் பார்வையையும் பின்ஹோல் அளவையும் படத்துக்குக் கீழே எழுதச் சொல்லியிருக்கிறேன். எழுதாமல் வந்தால் நான் முதலில் கேட்பது அதைத்தான், அப்புறம்தான் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன்.